ரொட்டிக்கடை மேடை

“எந்திரிம்மா! முதல்ல என் கடையை விட்டு வெளிய போ!”

ரொட்டிக்கடை அக்கா போட்ட சத்தத்தில், உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த அவள் புருஷன் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தார்.

ஸ்டூலிலிருந்து எழுந்துகொண்டிருந்தவள் நர்ஸம்மா. வார்டு தேர்தலில் நிற்கிறவள். ஓட்டு கேட்க வந்த இடத்தில் இப்படியா வாங்கிக் கட்டிக்கொள்வது!

இத்தனைக்கும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்டதே அக்காதான்.

ரெண்டு வருஷம் முன்னால் கடைக்குள் மழைத்தண்ணீர் புகுந்து மாவு மூட்டையெல்லாம் கூழாகிப் போச்சு. அன்றைக்கு எடுத்த முடிவு.

“ஒரு மாசத்து மழை ஒரே ராத்திரியில கொட்டுது. வெயிலோ மண்டையைப் பொளக்குது. இனிமே சொந்தம், பழக்கம், சிரிச்ச முகம் எதுவும் பார்க்க மாட்டேன். இதுக்கு யாரு சரியா வழி சொல்றாங்களோ, அவங்களுக்குத்தான் என் ஓட்டு!”

முதலில் ஓட்டு கேட்டு வந்தது, நர்ஸம்மாவை எதிர்த்து நிற்கிற காண்ட்ராக்டர்.

“கவலையை விடு தங்கச்சி. தெருமுனையில பெரிய மோட்டார் வெச்சு மொத்தத் தண்ணியையும் உறிஞ்சிடுறேன். வெயிலுக்கு பஸ் ஸ்டாப்புல ஃபேன்!”

“உறிஞ்சின தண்ணியை எங்கண்ணே விடுவீங்க?”

“அடுத்த தெருவுலதான்!”

புருஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனுஷன்னா இவர்தான் என்று சூடாக ஒரு பன் கொடுத்து அனுப்பினார்.

அடுத்து வந்த நர்ஸம்மாவுக்குச் சிரிக்கக்கூடத் தெரியவில்லை.

“வெயிலுக்குத் தெரு பூரா மரம் வைப்பேன். மழைக்கு மோட்டாரெல்லாம் வேண்டாம்க்கா. தண்ணி போற கால்வாய் ஏற்கனவே இருக்கு.”

“எங்க இருக்கு?”

“உங்க கடை மேடைக்கு அடியில. அந்த வெள்ளத்துக்கப்புறம் நீங்க சிமெண்டைப் போட்டு மூடினதுல போன மழைக்கு உங்க கடை தப்பிச்சது. கடைசி வீட்டுத் தையல்காரம்மா முழங்கால் தண்ணியில நிக்கிறாங்க. நான் ஜெயிச்சா முதல்ல இடிக்கிறது உங்க மேடையைத்தான்.”

அப்புறம்தான் அந்தச் சத்தம்.

பின்னே? நாலு மேஜை போட்ட மேடை. பாதி வியாபாரம் அங்கேதான் உட்கார்ந்து டீ குடிக்கிறது.

“சபாஷ்!” என்றார் புருஷன். “தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? நம்ம ஓட்டு காண்ட்ராக்டருக்குத்தான்.”

அக்கா ஸ்டூலைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

மறுநாள் காலையில் வாசல் கழுவும்போது, பக்கெட் தண்ணீரை அப்படியே தெருவில் கவிழ்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். தண்ணீர் மேடையில் முட்டித் திரும்பி, பள்ளத்தில் இருக்கிற தையல்காரி வீட்டைப் பார்த்து ஓடியது.

“அங்க என்ன வேடிக்கை?”

“ஒண்ணுமில்லீங்க.”

தேர்தல் அன்றைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவள், நேராக மாவு பிசையப் போய்விட்டாள்.

காண்ட்ராக்டர் அமோகமாக ஜெயித்தார். நர்ஸம்மா மண்ணைக் கவ்வினாள்.

“அப்பாடா, நம்ம மேடை பொழைச்சுது!” புருஷன் சந்தோஷமாக பன் தட்டை அடுப்புக்குள் தள்ளினார்.

டங்!

வெளியே ஓடினார். மேஜைகள் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அக்கா கடப்பாரையை ஓங்கிக்கொண்டிருந்தாள். மேடையின் ஒரு மூலை ஏற்கனவே பெயர்ந்திருந்தது.

“அடிப்பாவி! உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? காண்ட்ராக்டர்தான் ஜெயிச்சுட்டாரே!”

“நான் நர்ஸம்மாவுக்குத்தாங்க போட்டேன்.”

“அவளைத்தான் விரட்டி அடிச்சியே!”

“உள்ளதை மூஞ்சிக்கு நேரா சொன்னா கோபம் வராதா? வந்துச்சு. அதுக்காக அவ சொன்னது பொய்யாயிடுமா?”

“அவ தோத்துட்டாடி! இனிமே யாரும் வந்து இடிக்கப் போறதில்ல!”

அக்கா முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு கடப்பாரையை மறுபடி ஓங்கினாள்.

“அதான் நானே இடிக்கிறேன். ஓட்டுப் போட்டவ நான் இருக்கேன்ல? தள்ளி நில்லுங்க, கால் மேல விழப்போகுது!”