முகம் பார்க்காத லீவு

சிவசங்கர் அவசரமாக இறக்கிய இரும்புப் பெட்டி, மாமியார் வாசலில் காயவைத்திருந்த கருவாட்டின் மேல் போய் உட்கார்ந்தது. எல்லையில் குறி தப்பாத சிப்பாய், கடலூர் முதுநகருக்கு வந்து கருவாட்டை நசுக்கினான்.

பிள்ளை பிறந்தால் பட்டாளத்தில் அப்பனுக்கும் லீவு உண்டு. அதில் பாதியை ரயில் தின்றுவிட்டது. மீதியை ஜோசியர் தின்றார்.

“மூணு மாசத்துக்கு அப்பன் புள்ள மொகத்தப் பாக்கக் கூடாதாம் மாப்ள. தோஷமாம்,” என்றாள் மாமியார் வேலம்மாள்.

“செல்லுல ஒரு போட்டோவாவது?”

“நெழலும் ஆகாதாம்.”

வாசலோரப் பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்த மாமனார் சுப்பராயலு தலை நிமிரவில்லை.

சாத்திய கதவுக்கு வெளியே பாய் விரித்துக் காவல் இருந்தான் சிவசங்கர். உள்ளே பிள்ளை அழுதால் எழுந்து நின்றான். அழுகை நின்றால் உட்கார்ந்தான். அதற்கு மேல் ஒரு சிப்பாய் என்னதான் செய்வான்?

லீவு முடிந்த காலையில் கதவில் தலையைச் சாய்த்தான்.

“வித்யா, எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போறேன். எந்த ஜோசியர்தான் அப்படிச் சொன்னாரு?”

கதவுக்குப் பின்னாலிருந்து மனைவி சொன்னாள்.

“ஜோசியரும் இல்ல, தோஷமும் இல்லங்க. நாந்தான் அம்மாவ அப்படிச் சொல்லச் சொன்னேன். எங்கப்பாவும் பட்டாளத்துல இருந்தவருதான். இதே மாதிரி லீவுல வந்தாரு, என் மொகத்தப் பாத்தாரு, திரும்பிப் போகவே இல்ல. மிலிட்டரி போலீஸ் வந்து புடிச்சிட்டுப் போனாங்க. வேல போயி, இப்ப வாசல்ல பஞ்சர் ஒட்டுறாரு.”