சோப்பு நுரை

“வாசப்படியிலயே கேஸ் நாத்தம் தூக்கலா அடிக்குது. உள்ள இருந்த உங்களுக்குத் தெரியலயா சார்?” கேஸ் மெக்கானிக் சன்னல்களைத் திறந்துகொண்டே கேட்டார்.

“ஜலதோஷம்,” என்றார் வீட்டுக்காரர். மூக்கு ஒழுகவில்லை, குரலும் கணீரென்றுதான் இருந்தது.

“நாலு நாள் ஊருக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன். நான் வந்து போன் பண்ணலன்னா என்ன ஆகியிருக்கும்!” மனைவிக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

மெக்கானிக் அடுப்புக் குழாயில் சோப்பு நுரையைத் தடவினார். ஓரிடத்தில் குமிழிகள் கிளம்பின. “கேஸ் கண்ணுக்கும் தெரியாது, தானா நாத்தமும் அடிக்காதும்மா. அதனாலதான் நாத்தத்தைக் கலந்து அனுப்புறாங்க. ஓட்டை எங்கன்னு நுரை காட்டிக் குடுத்துடும்.”

குழாயை மாற்றிவிட்டுப் படிவத்தை எடுத்தார். “சார் எங்க வேலை?”

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி பெருமையாகச் சொன்னாள்: “சென்ட் கம்பெனியில. இவர் மோந்து பாத்துத் தலையாட்டினாத்தான் ஒரு பாட்டிலாவது வெளிய போகும்!”

மெக்கானிக் நிமிர்ந்தார். மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார்.

‘கசிவைக் கண்டுபிடித்தது யார், எப்படி?’ என்ற கட்டத்தில் பேனா சற்றுத் தயங்கியது. பிறகு மெக்கானிக் எழுதினார்: ‘வீட்டுக்காரர். வாசனையை வைத்து.’