கம்ப்யூட்டரில் இருந்த அப்பா

“எல்லாம் போச்சும்மா. என்னால ஒண்ணும் காப்பாத்த முடியல.”

அருணகிரி இப்படிச் சொன்னதும் உண்ணாமலை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கிய மதிவதனி ஓடிப்போய், கறுத்துக் கிடந்த திரையைத் தட்டினாள். “அப்பா! அப்பா!”

ஆஸ்பத்திரி என்று நினைத்துவிடாதீர்கள். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அருணகிரி வைத்திருந்த பிரௌசிங் சென்டர் அது. ஊருக்காக அவன் நடத்திவந்த இணையதளம்தான் போய்விட்டது. பௌர்ணமி தேதி, பஸ் நேரம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஜனங்கள் தேடி வந்தது, கிரிவலக் கூட்டத்தில் காணாமல் போனவர்களின் படங்களைப் பார்க்கத்தான்.

அந்தப் படங்களில் உண்ணாமலையின் கணவன் மணிவேலும் இருந்தான். கல்யாணமான வருஷம் தீபத்தன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து இருவரும் மலை சுற்ற வந்தார்கள். கூட்டத்தில் பிரியாமலிருக்க, அவன் துண்டின் ஒரு முனையை இவள் முந்தானையிலும் மறு முனையை அவன் மணிக்கட்டிலும் முடிந்துகொண்டார்கள். பாதி வழியில் அடி அண்ணாமலை ஊருக்கு வந்து திரும்பிப் பார்த்தால் துண்டு மட்டும் இவளோடு வந்திருந்தது. கிழியவில்லை, அவன் பக்கத்து முடிச்சுதான் அவிழ்ந்திருந்தது. அப்போது மதிவதனி வயிற்றில்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வந்தாள். வீட்டிலிருந்த ஒரே போட்டோவை வழியெல்லாம் காட்டிக் காட்டிக் கேட்டாள். காரியம் பண்ணிவிடு என்று சொன்ன சொந்தக்காரர்களோடு சண்டை போட்டாள். வேர்வையும் மழையும் பட்டு அந்தப் போட்டோவில் முகமே இல்லாமல் போயிற்று.

நல்லவேளை, அதற்கு முன்பே அருணகிரி அதை ஸ்கேன் செய்து இணையதளத்தில் போட்டிருந்தான். வெள்ளிக்கிழமை தோறும் மகளைக் கூட்டிவந்து அதில்தான் அப்பாவைக் காட்டுவாள். நாலு வயசுப் பிள்ளைக்கு அப்பா என்றால் கம்ப்யூட்டருக்குள் இருப்பவர்.

இப்போது அதுவும் இல்லை. இணையதளத்தைப் பாதுகாத்துவந்த சென்னைக் கம்பெனியில் மெஷின் கெட்டு எல்லாம் அழிந்துவிட்டது. “பேக்கப்பும் அதே மெஷின்லதான் சார் இருந்துச்சு” என்று போனில் கூசாமல் சொன்னார்கள். அருணகிரியும் லேசுப்பட்டவன் இல்லை. வைரஸ் வந்துவிட்டதென்று போன வாரம்தான் கடைக் கம்ப்யூட்டர் அத்தனையையும் துடைத்து வைத்திருந்தான். எல்லாம் சென்னையில் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம்.

“கொழந்தைக்கு அவரு மொகம் மறந்துடும்ணா” என்றாள் உண்ணாமலை. “எனக்கே மறந்துடுமோன்னு பயமா கீது. எப்படியாச்சும் எடுத்துக் குடுங்க.”

“நம்பிக்கை வெக்காதம்மா. ஆனா ஒண்ணு. ஒரு கம்ப்யூட்டர்ல ஒரு தடவ பாத்த படம், கொஞ்ச நாளைக்கு அதுக்குள்ளயே தங்கி இருக்கும். வேற கடையில யாராவது பாத்திருந்தா உண்டு. இல்லன்னா அவ்ளோதான்.”

தெருவுக்கு ஒரு பிரௌசிங் சென்டர் முளைத்திருந்த காலம் அது. அருணகிரி கடை கடையாக ஏறி இறங்கினான். தங்கள் கஸ்டமர்கள் என்னென்ன பார்ப்பார்கள் என்று தெரிந்த ஓனர்கள், கடை சாத்தும் முன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். மானம் இருக்கிறதே. எல்லாரும் கையை விரித்தார்கள், அருணகிரிக்கும் வெறுத்துப்போயிற்று.

கடைசியாக மிஞ்சியது செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி இருக்கும் தசரதனின் கடை. தசரதனுக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் மட்டுமே தெரியும், எதையும் அழித்துப் பழக்கமில்லை. மூலையிலிருந்த ஒன்றைக் கிளறியபோது மணிவேலின் முகம் பளிச்சென்று வந்து நின்றது.

செய்தி கேட்ட உண்ணாமலை மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மதிவதனி திரையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். உண்ணாமலை அழுதாள், சிரித்தாள், அருணகிரியைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அருணகிரிக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. “ஏம்மா, நீ இந்தக் கடைக்கு வந்து பாத்திருக்கியா?”

“இல்லண்ணா. இன்னிக்கித்தான் உள்ள வரேன்.”

“அப்ப இங்க யாரு பாத்தது? இன்னாபா தசரதா, இந்த மூலையில யாரு உக்காருவாங்க?”

வாசலில் ஒரு வெள்ளைக்காரருக்குக் கைஜாடையால் வழி சொல்லிக்கொண்டிருந்த தசரதன் திரும்பாமலே பதில் சொன்னான். “ஃபேன் காத்து வராதுபா, யாரும் உக்கார மாட்டாங்க. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பெங்களூர் வேன் டிரைவர் ஒருத்தர் வருவாரு. கூட்டியாந்த ஜனங்க மலை சுத்தி முடிக்கிற வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டர்லயேதான் இருப்பாரு.”

உண்ணாமலையின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம் வந்தது. “கேட்டீங்களாண்ணா! அந்த டிரைவருக்கு இவரத் தெரிஞ்சிருக்கு. பெங்களூர்ல எங்கியோ பாத்திருக்காரு, அதான் வந்து வந்து பாக்கறாரு. அவரக் கேட்டா என் வீட்டுக்காரரு இருக்கற எடம் தெரிஞ்சிடும்!”

வெள்ளைக்காரரை அனுப்பிவிட்டு உள்ளே வந்த தசரதன், குழந்தையின் தலைக்கு மேலே குனிந்து அப்போதுதான் திரையைப் பார்த்தான்.

“இவருதாம்மா அந்த டிரைவரு.”