ஆடாத கொக்கு

ஆழியாறு அணையில், படகில் உட்கார்ந்து அக்கரைக் கொக்கைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார் கைருதீன். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர்.

“கொக்கு தையாதக்கான்னு குதிக்குது. படகு இந்த ஆட்டம் ஆடுனா எப்படிப் பாக்கறது?”

“அந்தப் பட்டனை அமுக்குங்க,” என்றாள் மனைவி அஜீஸுன்னிசா. பைனாகுலர் அவள் தேடித் தேடி வாங்கிக் கொடுத்தது.

அமுக்கினார். கொக்கு சிலையாக நின்றது. உற்சாகத்தில் பின்சீட்டுக்காரரிடம் திரும்பினார்.

“படகு எவ்வளவு ஆடுனாலும் இதுல படம் ஆடாதுங்க. கப்பல்ல போறவங்களுக்குன்னே பண்ணுனது.”

“படகு இன்னும் கெளம்பலீங்களே,” என்றார் அவர் பணிவாக.

கைருதீன் எட்டிப் பார்த்தார். கயிறு கரையில் கட்டியிருந்தது. தண்ணீரில் ஒரு சிற்றலைகூட இல்லை. நடுங்கிக்கொண்டிருந்தது அவர் கைதான்.

“உனக்குத் தெரியுமா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“ஆறு மாசமாத் தெரியுமுங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். நாளைக்கு டாக்டரைப் பாத்துரலாம்.” அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கைருதீன் சிரித்துவிட்டார்.

“கட்டிங் மெஷின் ஆடுதுன்னு மெக்கானிக்கை மூணு தடவை வரவெச்சுத் திட்டியிருக்கேன். டாக்டருக்கு முன்னால அவனைப் பாக்கோணும். பாவம், ஒரு பிரியாணியாவது வாங்கிக் குடுக்கலாம்.”