அப்டேட் மட்டும் வேண்டாமுங்க

"எது வேணும்னாலும் பண்ணுங்க தம்பி. அப்டேட் மட்டும் வேண்டாமுங்க."

பழனிமுத்து சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் பாட்டுப் பெட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டார். காவலுக்கு உட்காருகிறவர் மாதிரி இருந்தது.

பெட்டி என்றால் ஒரு பழைய கம்ப்யூட்டர்தான். வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி முதலாளி அவர். ஆனால் ஓய்ந்த நேரமெல்லாம் அந்தப் பெட்டியோடுதான். சேர்த்து வைத்த கேசட் பாட்டையெல்லாம் ஒவ்வொன்றாக அதில் ஏற்றி, தையல் ஹாலுக்கு ஸ்பீக்கர் கட்டிவிட்டிருந்தார். காலையில் பக்திப் பாட்டு. மதியச் சோற்றுக்குப் பிறகு, கண் சொக்காமல் இருக்கக் குத்துப் பாட்டு. டெய்லர்களின் கை அந்தத் தாளத்துக்கே பழகிப்போயிருந்தது.

இப்போது பாட்டு பாதியில் நின்று நின்று வந்தது. பாட்டு நின்றால் கையும் நின்றது. செல்போன் சர்வீஸ் கடை சகாயராஜை வரச்சொல்லியிருந்தார்கள்.

"சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு சார். புதுசு போட்டாச் சரியாயிரும்."

"அதைத்தானுங்க வேண்டாங்கறது. அப்டேட்டுன்னு வருவான். கைக்குப் பக்கத்துல இருந்த பட்டனை மூலையில கொண்டுபோய் ஒளிச்சு வெப்பான். நேத்து ஊட்டு டிவியில பாட்டுப் போடலாம்னு போனா, ட்ராஃபிக் லைட் இருக்கற படத்தையெல்லாம் தேடி அமுக்கச் சொல்றான். பாட்டுக் கேக்கறவனுக்கு எதுக்குங்க ட்ராஃபிக் லைட்?"

"இது ஃப்ரீதான் சார்."

"காசுக்காகவா சொல்றேன்?"

அவருக்கு ஒரு போன் வந்தது. சாயப்பட்டறையில் துணிக்குக் கலர் மாறிவிட்டதாம். எழுந்து போனவர் வாசலில் நின்று, சொன்னதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

அவர் தலை மறைந்ததும் லைன் சூப்பர்வைசர் விஜயராணி உள்ளே வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி.

"என்னண்ணே, முடிஞ்சுச்சா?"

"எங்கக்கா, அவரு விடமாட்டேங்கறாரே."

"அவரு எதைத்தான் விட்டாரு? மகன் ஒரு புள்ளைய விரும்புனான். கூடவே கூடாதுன்னு நின்னாரு. அவன் கட்டிக்கிட்டு பெங்களூரு போயிட்டான். அம்மா சாவுக்கு வந்தவன், அப்பன் மூஞ்சியக்கூடப் பாக்காம பஸ் ஏறிட்டான். அப்பவும் எறங்கி வரலையே மனுசன். அந்த வீம்பு இப்பப் பொட்டி மேல."

குரலைத் தாழ்த்தினாள்.

"வெள்ளிக்கெழமை ஷிப்மெண்டு. அங்க ஒவ்வொருத்தியும் கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. நீங்க போட்டு விடுங்கண்ணே, அவருக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சகாயராஜ் தயங்கினான். திரையை இன்னும் கொஞ்சம் நோண்டிப் பார்த்தான்.

"அக்கா, வெளியில இருந்து நெட் வழியா ரெண்டு போன் இந்தப் பொட்டியில பாட்டுக் கேக்குது. ஒண்ணு முதலாளியோடது. இன்னொண்ணுக்குப் பேரே இல்ல. தெனம் பொழுதுசாய உள்ள வந்து, ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கு."

"பாத்தீங்களா? களவாணி வந்துபோறது தெரியாமத்தான் பொட்டியக் காவல் காக்குறாரு."

அது போதுமாயிருந்தது. அப்டேட்டை அமுக்கினான்.

டீ நேரம் முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியபோது, பாட்டு ஒரு இடத்திலும் தடுக்காமல் தண்ணீர் மாதிரி ஓடியது. ஹாலில் யாரோ விசிலடித்தார்கள்.

"சகாயண்ணனுக்கு ஒரு டீயும் வடையும் சொல்லுங்கடி" என்றாள் விஜயராணி.

வடை வருவதற்கு முன் பழனிமுத்து வந்துவிட்டார். நிற்காமல் ஓடும் பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. நேராகத் திரைக்குப் போனார்.

"ரெண்டு போன் இருந்துச்சுங்களே?"

"அப்டேட் போட்டா எல்லாத்தையும் வெளிய தள்ளிரும் சார். உங்க போனை இப்பவே சேத்துத் தர்றேன். நல்லவேளை, எவனோ வெளியாளு ஒருத்தன் திருட்டுத்தனமாக் கேட்டுட்டு இருந்தான். அவனையும் சேத்துத் தொரத்தியாச்சு."

"பழையபடி ஆக்க முடியுங்களா?"

"முடியாது சார். வரணும்னா அவங்களா முதல்ல இருந்து வரணும். உங்க போனுக்கு ஓடிபி வரும். அவங்க கேட்டா நீங்க சொன்னாப் போதும்."

"கேக்கோணுமே தம்பி."

அவர் உட்கார்ந்துவிட்டார். விஜயராணி வாசற்படியிலேயே நின்றாள்.

"மொதலாளி, நான்தான் போடச் சொன்னேன்."

அவர் திட்டவில்லை. அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அது திருடன் இல்லீங்க. எங்க பையன் ரித்தீஷு. காலேஜ் போறப்ப அவன் போன்ல நான்தான் இதைச் சேத்துக் குடுத்தேன். நான் கூப்பிட்டா எடுக்கமாட்டான். மெசேஜ் போட்டாலும் போகாது. எல்லாத்தையும் அடைச்சவன், என்னமோ இதை மட்டும் அடைக்காம விட்டிருந்தான்."

ஹாலில் குத்துப் பாட்டு அமர்க்களமாக ஓடிக்கொண்டிருந்தது. பழனிமுத்து தன் போனை எடுத்து, ரிங் சத்தத்தை முழுதாக ஏற்றி, பெட்டிக்குப் பக்கத்தில் அதன் திரை மேலே பார்க்கிற மாதிரி வைத்தார்.

"கல்யாணமாகிப் போன புதுசுல ஜோடிப் பாட்டாக் கேட்டுட்டிருந்தான். போன ஆடிக்கு அப்பறம் தெனமும் ஒரே தாலாட்டுத்தான். அதை வெச்சுத்தானுங்க எனக்குப் பேரப்புள்ளை பொறந்திருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். பையனா, பொண்ணான்னு இன்னும் தெரியாதுங்க."