கையும் களவுமாக

ஆங்கிலம் கேட்டறியும் தேர்வில் தங்கை முறைகேடு செய்தாளென்று அண்ணனை வரவழைத்திருந்தார் மேற்பார்வையாளர். அவள் வாய்திறவாமல் நின்றாள்.

"காதுல மெஷின் வச்சுக்கிட்டு வந்திருக்கா. வாசல்லயே கழட்டி வாங்கிட்டோம். அப்புறம் பாருங்க, ஒரு பதில்கூடச் சரியில்ல. இதைவிட என்ன ஆதாரம் வேணும்? வெளிநாட்டு நர்ஸ் வேலையை மறந்துடச் சொல்லுங்க."

மேசைமேல் கிடந்த கருவியைக் கண்டு அண்ணனின் முகம் சிவந்தது.

"முதல்ல அதை அவகிட்ட குடுங்க சார். அது இல்லேன்னா பக்கத்துல இடி விழுந்தாலும் அவளுக்குக் கேக்காது."

மேற்பார்வையாளர் கருவியை எடுத்து நீட்டினார். தங்கை காதில் பொருத்திக்கொண்டாள்.

"வாசல்லயே சொன்னேன், உங்க ஆளுங்க நம்பல. இப்ப முதல்லேருந்து திட்டுங்க சார், கேக்கறேன். முடிச்சதும் அந்த ரெக்கார்டிங்கைப் போடுங்க. நான் பரீட்சை எழுதணும்."