பி பிரிவுக்குப் போன அறுபது

"என் பொண்ணு என்ன செருப்புல ஒட்டின சகதியா, உதறி விட?"

தையற்கடை அம்மா கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் தலைமையாசிரியை அறைக்குள் வந்து நின்றாள். பின்னால், தலையைக் குனிந்தபடி மகள்.

எதிரே கணக்கு வாத்தியார். பிள்ளைகள் வைத்த பெயர் 'புள்ளி சார்'. கால் மார்க், அரைக்கால் மார்க் என்று தசமத்தில் பேப்பர் திருத்துகிற ஆசாமி.

"அறுபது மார்க் எடுத்த பிள்ளையை ஏ பிரிவுலேர்ந்து பி பிரிவுக்குத் தள்ளியிருக்கீங்களே, ஏன்?"

"என் வகுப்புச் சராசரி எழுபது. உங்க பொண்ணு அறுபது. கீழே இழுக்கறா" என்றார் புள்ளி சார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "அனுப்பினேன், ஏறிடுச்சு. எழுபது புள்ளி இரண்டு ஆறு."

"அந்தப் புள்ளியை என்ன, மோதிரமாப் பண்ணிப் போட்டுக்கப் போறீங்களா?"

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டார்.

"முதல்ல உக்காருங்கம்மா."

"உக்காரலை. துணி தைக்க வந்த அத்தனை பேர்கிட்டயும், 'எம்பொண்ணு ஏ பிரிவு'ன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப என்ன சொல்றது? பட்டன் மாதிரி தெறிச்சு விழுந்துட்டான்னா?"

வாசலில் நிழலாடியது. பி பிரிவின் சின்ன டீச்சர். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் அவருடைய குடை, டம்ளர், சிவப்பு மைப் பேனாக்கள்.

"மேடம், மேஜையைக் காலி பண்ணிட்டேன். கிளம்பட்டுமா?"

சராசரி நாற்பதுக்குக் கீழே போனால் அந்த வகுப்பு டீச்சருக்கு வேலை இல்லை. நிர்வாகத்தின் உத்தரவு. பி பிரிவு முப்பத்தொன்பது புள்ளி மூன்றில் முக்கிக்கொண்டிருந்தது. பாவம், அவரும் என்னதான் செய்வார்? யாரையாவது தம் கட்டித் தேற்றி எடுத்தால், உடனே அந்தப் பிள்ளையை ஏ பிரிவு அள்ளிக்கொண்டு போய்விடும். இந்த மகளும் அப்படிப் போனவள்தான்.

"இருங்க, கடைசியா ஒரு தடவை பார்த்துடறேன்." தலைமையாசிரியை கம்ப்யூட்டரைத் தட்டினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "பி பிரிவு நாற்பது புள்ளி இரண்டு ஒன்பதா? என்ன சார் இது! பரீட்சை முடிஞ்சு யாரும் ஒரு எழுத்துக்கூட எழுதலையே. ரெண்டு வகுப்புமா ஏறும்?"

"ஏறும் மேடம். என் சராசரிக்குக் கீழே, அவங்க சராசரிக்கு மேலே இருக்கற பிள்ளை இடம் மாறினா, மார்க்கும் கூடவே போகும். ரெண்டு பக்கமும் ஏறும்." புள்ளி சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "என் சராசரி மட்டும் ஏறினா போதும்னா, முப்பத்தஞ்சு எடுத்த பையனைத்தானே அனுப்பியிருப்பேன்?"

"ஏ பிரிவுல முப்பத்தஞ்சா? அது யாரு?" என்றாள் தையற்கடை அம்மா.

"நிர்வாகியோட பேரன்மா."

தலைமையாசிரியைக்கு மறுபடியும் இருமல் வந்தது.

சின்ன டீச்சர் அட்டைப்பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

தையற்கடை அம்மாவின் குரல் பாதியாக இறங்கியது. ஆனாலும் விடவில்லை.

"நல்ல காரியம்தான் சார், ஒத்துக்கறேன். அதுக்காக எம்பொண்ணைச் சோழி மாதிரி உருட்டுவீங்களா? அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

புள்ளி சார் சுற்றாத மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

மகள் தலையை நிமிர்த்தினாள்.

"கணக்குப் போட்டதே நான்தாம்மா. சார் முடியவே முடியாதுன்னார். 'உங்கம்மா வந்து நிப்பாங்களே, யாரு வாங்கிக் கட்டிக்கறது?'ன்னு கேட்டார். 'நீங்கதான் சார்'னு சொன்னேன். சரின்னுட்டார்."